தெருவில் விற்கும் பத்திரிகை: கடலூரிலும் புதுச்சேரியிலும் தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளிக்கிழமை இரவுகளில் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்கு வெளியே நாங்கள் நாலைந்து பேர் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பது வழக்கம். உள்ளே வாழையிலை, வெளியே பழைய செய்தித்தாள், சுற்றி ஒரு சணல் நூல். அங்கே படுக்கும் பெரியவர் ஒருவர் சாப்பிட்டு முடித்ததும் தாளைத் தூக்கி எறியமாட்டார். தொடைமேல் வைத்து நீவி, சாம்பார் ஊறாத பக்கமாகத் திருப்பி, விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்து படிப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இதோட மிச்சம் எந்தப் பொட்டலத்துல இருக்குன்னு பாருங்களேன்" என்றார். பாதியில் கிழிந்துபோன ஒரு செய்தியின் தொடர்ச்சி அவருக்கு வேண்டியிருந்தது. அன்று பத்துப் பன்னிரண்டு பேரிடம் தாளைக் கேட்டு வாங்கித் தேடினோம். கிடைக்கவில்லை.

பிறகு நாங்கள் சோதனையாக 200 பிரதி அடித்த நாலு பக்கத் தாளை முதலில் விற்றவர் அவர்தான். அந்தச் சிறு முயற்சியில் தெரிந்துகொண்டதையும், வீடில்லாதவர்களே பத்திரிகை விற்றுச் சம்பாதிக்கும் இந்த ஏற்பாட்டை உலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாகச் செய்பவர்களிடமிருந்து கற்றதையும் சேர்த்து எழுதுகிறேன். கடலூரிலோ புதுச்சேரியிலோ இதைப் பெரிதாகச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும்.

இது எப்படி நடக்கிறது

1989இல் நியூயார்க்கில் 'ஸ்ட்ரீட் நியூஸ்' என்ற பத்திரிகை வந்தது. வீடில்லாதவர்கள் அதைத் தெருவில் விற்றார்கள். அங்கே போயிருந்தபோது அதைப் பார்த்த தொழிலதிபர் கார்டன் ராடிக், லண்டனில் தன் பழைய நண்பர் ஜான் பேர்டிடம் சொன்னார். பேர்டு சிறுவயதிலேயே வீடிழந்தவர், அனாதை இல்லத்தில் இருந்தவர், தெருவில் படுத்தவர். இருவரும் சேர்ந்து 1991 செப்டம்பரில் 'தி பிக் இஷ்யூ'வைத் தொடங்கினார்கள். 1994இல் தெருப் பத்திரிகைகளுக்கென்று ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு வந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலிருந்து அது இயங்குகிறது. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இப்படிப் பத்திரிகைகள் இருக்கின்றன. ஆசியாவில் ஜப்பானில் 2003லும், தைவானிலும் தென்கொரியாவிலும் 2010லும் தொடங்கின. நம் நாட்டில் டெல்லியில் தெருக்குழந்தைகளே செய்தி சேகரித்து 2003 முதல் 'பாலக்நாமா' என்ற பத்திரிகையை நடத்திவருகிறார்கள். அது அவர்களுடைய குரலுக்கான பத்திரிகை; விற்று வருமானம் பார்க்கும் ஏற்பாடு வேறு.

'பிக் இஷ்யூ'வின் முறை எளிது. விற்பவர் பத்திரிகையைப் பாதி விலைக்குத் தன் காசு போட்டு வாங்குகிறார், அட்டையில் போட்ட விலைக்கு விற்கிறார், மீதி அவருக்கு. விற்காமல் போனால் திருப்பித் தர முடியாது. புதிதாகச் சேருபவருக்கு மட்டும் முதல் சில பிரதிகள் இலவசம்.

"அவர்களிடமே பணம் வாங்குவதா?" என்று நம் ஊரில் கேட்காதவர்கள் இல்லை. எனக்கும் முதலில் நெருடலாக இருந்தது. ஆனால் நான் பார்த்தது வேறு. சோதனைத் தாளில் முதல் பத்தை அந்தப் பெரியவருக்குச் சும்மா கொடுத்தோம். அடுத்த பத்துக்கு அவர் வேட்டி மடிப்பிலிருந்து ஐந்து ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களாக எண்ணி எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்து, மை இழுவியிருந்த ஒன்றைத் திருப்பி நீட்டினார்: "இது வேணாம், வேற குடுங்க." சும்மா கொடுத்த பத்தில் அவர் எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. அந்தத் தாளை மாற்றிக் கொடுத்தபோதுதான் எனக்கு இந்த முறை முழுசாகப் புரிந்தது. வாங்குகிறவருக்குக் குறை சொல்லும் உரிமை வந்துவிடுகிறது. இனி சொல்லப்போகும் எல்லாமே அந்த உரிமையைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

முதல் மாதம்: பேச்சுவார்த்தை மட்டும்

அச்சகத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு மாதம் இரவில் சுற்றுங்கள். புதுச்சேரியில் ரயில் நிலையமும் அதையொட்டிய சுப்பையா சாலையும், பேருந்து நிலையம், பெரிய மார்க்கெட் கடைகளின் வாசல், கோயில்களைச் சுற்றிய திண்ணைகள். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையம், பாடலீஸ்வரர் கோயில் பக்கம், மஞ்சக்குப்பம், முதுநகர். வடலூரில் 1867இல் வள்ளலார் தொடங்கிய தர்மசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே வந்து சாப்பிட்டு அந்தப் பக்கமே தங்கிவிட்டவர்களையும் பாருங்கள்.

எல்லோரும் ஒரே மாதிரி அல்ல என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு வாடகை கட்ட முடியாமல் கடை வாசலில் படுப்பவர் ஒருவர். பிள்ளைகளோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த பாட்டி ஒருவர். மனநலம் பாதித்தவர், குடியில் மாட்டியவர், புயலுக்குப் பிறகு கிராமத்துக்குத் திரும்பாமலே இருந்துவிட்டவர். எல்லோராலும் பத்திரிகை விற்க முடியாது. சிலருக்கு முதல் தேவை டாக்டர். நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு இரவுத் தங்குமிடம் வேண்டும் என்பது மத்திய அரசுத் திட்டத்திலேயே உள்ள கணக்கு. உங்கள் நகராட்சியில் அது எங்கே இருக்கிறது என்று விசாரித்து, நடத்துபவர்களோடு பழகிக்கொள்ளுங்கள். உங்களால் முடியாத உதவிக்கு ஆட்களை அங்கேதான் அனுப்ப வேண்டியிருக்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுக்க சுமார் 17.7 லட்சம் பேரை வீடற்றவர்கள் என்று எண்ணியது. உங்களுக்கு அந்த எண் தேவையில்லை. எட்டுப் பேர் போதும். விற்க விருப்பமுள்ள, காலையில் நிதானத்தோடு எழுந்து வரக்கூடிய எட்டுப் பேர் கிடைத்த பிறகு அடுத்ததை யோசியுங்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களை எந்தக் காரணத்துக்காகவும் விற்பனையில் சேர்க்காதீர்கள். பிள்ளைகள் தெருவில் இருப்பதைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.

கணக்கு

நல்ல மனசோடு தொடங்கி ஆறாவது மாதத்தில் நின்றுபோகும் முயற்சிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் போவோம்.

ஏ4 அளவு, 16 பக்கம், மாத இதழ் என்று வைத்துக்கொள்வோம். ஏ3 தாள் நாலை நடுவில் மடித்து இரண்டு பின் அடித்தால் இதழ் ரெடி. விலை ₹20. விற்பவருக்கு ₹10க்குக் கொடுக்கிறீர்கள். ஒருவர் ஒரு நாளைக்கு 12 பிரதி விற்றால் அவருக்கு ₹120. மாதம் 20 நாள் விற்றால் ₹2,400. எட்டுப் பேருக்கு மாதம் 1,920 பிரதி. சுமாராக 2,000 அடிக்க வேண்டும்.

இனி உங்கள் பக்கம். தாள், பிளேட், அச்சுக்கூலி, பின், டிடிபி (கணினியில் பக்கம் அமைப்பது) எல்லாம் சேர்த்து அடக்கவிலை பிரதிக்கு ₹12 வருகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். (உங்கள் அச்சகத்தில் விலைப்புள்ளி வாங்கி அந்த எண்ணை இங்கே போட்டுக்கொள்ளுங்கள்.) ₹10க்குக் கொடுத்தால் பிரதிக்கு ₹2 கையை விட்டுப் போகும். 2,000 பிரதிக்கு ₹4,000. இதைப் பின்னட்டை விளம்பரத்தாலும் ஆண்டுச் சந்தாவாலும் ஈடுகட்ட வேண்டும். ஒரு நல்ல ஜவுளிக்கடை, ஒரு டிராவல்ஸ், ஒரு பேக்கரி சம்மதித்தாலே ₹4,000 கிடைத்துவிடும். விளம்பரத்தை நம்பிப் பத்திரிகை விலையைக் குறைக்காதீர்கள். ₹10 பத்திரிகையில் விற்பவருக்கு ஐந்து ரூபாய் நின்றால், நாள் முழுக்க வெயிலில் நின்றதற்கு ஒரு டிபன்கூடத் தேறாது.

கையில் நாலு இதழுக்கான அச்சுச் செலவு இல்லாமல் முதல் இதழை அடிக்காதீர்கள். இரண்டு இதழ் வந்து நின்றுபோனால், விற்றவர் தன் வாடிக்கையாளர் முன்னால் பொய் சொன்னவர் ஆகிவிடுவார்.

₹2,400 ஒரு முழு வாழ்வாதாரம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள், விற்பவரிடம் முக்கியமாக. நம் ஊரில் அந்தப் பணத்துக்கு முன்பணம் கொடுத்து அறை எடுக்க முடியாது. காலையில் மார்க்கெட் வேலை, மாலையில் பத்திரிகை என்று இரண்டும் சேர்ந்தால்தான் ஏதோ கையில் நிற்கும். லண்டனைப் போன்ற நகரம் இல்லை இது. ஒரே தெருவில் அதே முகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும், மாத இதழை ஒருவர் ஒரு முறைதான் வாங்குவார். மூன்றாவது வாரம் விற்பனை படுத்துவிடும், அதற்கு மனதைத் தயார்செய்து வையுங்கள். ஒரு வருஷம் ஓடி, நூறு நூற்றைம்பது நிரந்தர வாசகர்கள் ஒவ்வொருவருக்கும் சேர்ந்த பிறகு மாதமிருமுறை ஆக்கலாம். ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் 1993இல் தொடங்கிய 'பிஸ்' பத்திரிகை, தன் விற்பனையாளர்களில் பலரை மாதச் சம்பளத்துக்கே வேலைக்கு எடுத்துக்கொண்டது. அப்படியும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதற்கு ரொம்ப வருஷம் வேண்டும்.

படிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும்

இரக்கப்பட்டு ஒருவர் ஒரு தடவை வாங்குவார். இரண்டாம் தடவை வாங்குவது பத்திரிகைக்காகத்தான். 16 பக்கமும் துயரக் கதை என்றால் மூன்றாம் இதழை யாரும் தொடமாட்டார்கள், நானே தொடமாட்டேன்.

என் கணக்கு இது. ஐந்தாறு பக்கம் தெருவில் இருப்பவர்கள் எழுதியது, சொன்னது, வரைந்தது. ஐந்தாறு பக்கம் ஊர்க்காரர்கள் விரும்பிப் படிப்பது: மூடிப்போன ரோடியர் மில், சுதேசி மில் தொழிலாளர்களின் நினைவுகள், கடலூர் முதுநகர் துறைமுகத்தின் பழைய கதை, தேவனாம்பட்டினத்து மீன் குழம்பு, ஒரு நாதஸ்வரக் கலைஞரின் பேட்டி. கடைசி நாலு பக்கம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். புதுச்சேரிக்குச் சனி ஞாயிறில் பெங்களூரிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வருபவர்கள் தமிழ் படிக்கமாட்டார்கள், ஆனால் காசு கொடுத்து வாங்குவார்கள். அந்த நாலு பக்கம் தமிழ்ப் பக்கங்களின் மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டாம். கடற்கரையிலிருந்து நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய இடங்களை, அங்கேயே இரவில் படுக்கும் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதினால், அந்த வழித்தடம் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்காது.

குறுக்கெழுத்து கண்டிப்பாக வேண்டும். பேருந்து நேரமும் போடலாம்.

பெயர் வைக்கும்போது 'அனாதை', 'ஏழை', 'வீடற்றோர்' மாதிரி வார்த்தைகள் தலைப்பில் வேண்டாம். விற்பவர் நாள் முழுக்க நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கப்போகும் பெயர் அது. பெயரை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் லேஅவுட். எங்கள் பெரியவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: எந்த விஷயமும் 'தொடர்ச்சி 7ஆம் பக்கம்' என்று போகக் கூடாது. ஆரம்பித்த பக்கத்திலேயே முடிய வேண்டும், தாள் கிழிந்து யார் கைக்குப் போனாலும் அவர்களுக்கு ஒரு முழு விஷயம் கிடைக்க வேண்டும். டிடிபி போடுபவருக்கு இது பெரிய தலைவலி. ஆனாலும் அப்படியே செய்தோம், நீங்களும் செய்யுங்கள்.

அவர்கள் சொல்வதை எழுதுவது

வாரம் ஒரு நாள், ஒரு இடம், ஒரு நேரம். தங்குமிடத்தின் கூடமோ, நூலகத்தின் ஒரு மூலையோ, பாரதி பூங்காவின் மரத்தடியோ. டீயும் பன்னும் வையுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும். தெரியாதவர்கள் பேசட்டும், செல்போனில் பதிவு செய்யுங்கள்.

"உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் அந்தக் கதையை நூறு பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள், எங்கே அழ வேண்டும் என்பதுகூட மனப்பாடம் ஆகியிருக்கும். மழை வந்தால் எந்தக் கடை வாசல் நனையாது? செருப்பை எங்கே வைத்துக்கொண்டு தூங்குவீர்கள்? இந்த ஊரில் நல்ல தண்ணீர் எந்தக் குழாயில் வரும்? இப்படிக் கேளுங்கள். செருப்பு பற்றிக் கேட்டதற்கு ஒரு அம்மா அரை மணி நேரம் பேசினார்: தலைக்கு அடியில் வைத்தால் நாய் இழுக்காது, ஆனால் பௌர்ணமிக்குக் கூட்டம் வரும்போது மனுஷர்கள் எடுத்துப் போய்விடுவார்கள், அதனால் அன்றைக்கு மட்டும் ஒன்றைக் கழற்றாமலே தூங்குவாராம். "ஒத்தச் செருப்ப எவன் எடுப்பான்?" என்றார். எங்கள் சோதனைத் தாளில் எல்லோரும் பேசியது அந்த அரைப் பக்கத்தைப் பற்றித்தான்.

எழுதும்போது அவர்கள் பேச்சை மாற்றாதீர்கள். எழுத்துப்பிழையைத் திருத்தலாம், வாக்கியத்தை அழகுபடுத்தக் கூடாது. நான் ஒரு தடவை 'இருப்பிடம்' என்று போட்டுவிட்டேன். படித்துக் காட்டியபோது, "நான் எங்க அப்டி சொன்னேன்? படுக்கிற எடம்னுதான சொன்னேன்" என்று கேட்டார் அந்த அம்மா. மாற்றினேன். அச்சுக்குப் போவதற்கு முன்னால் எழுதியதை அவரவருக்கு முழுசாகப் படித்துக் காட்டுவது கட்டாயம். சம்மதம் என்பது ஒரு தடவை கைநாட்டு வாங்குவதோடு முடிவதில்லை, படித்துக் காட்டும்போது மறுபடி கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும், இதழ் தாமதமானாலும் சரி.

பெயரும் படமும் இன்னும் கவனமாகக் கையாள வேண்டியவை. கணவனிடம் அடி தாங்காமல் ஓடிவந்த பெண்ணின் முகத்தை நீங்கள் அச்சிட்டால், அவர் எங்கே இருக்கிறார் என்று தேடுபவனுக்கு வழி காட்டியதாகிவிடும். புனைபெயர் வைத்துக்கொள்ளலாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். முகம் வேண்டாம், கையைப் படம் எடுக்கலாம், பையை எடுக்கலாம்.

எழுதியதற்குப் பணம் கொடுங்கள். சிறு தொகைதான் முடியும் என்றாலும், இதழ் வரும் அன்றே கையில் கொடுங்கள். போலீஸ்காரர் மீதோ அதிகாரி மீதோ யாராவது புகார் சொன்னால் உடனே அச்சிடாதீர்கள். விசாரியுங்கள், மறுதரப்பைக் கேளுங்கள், தேவைப்பட்டால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவதூறு வழக்கு வந்தால் நீங்கள் வாய்தாவுக்கு அலைவீர்கள். ஆனால் தெருவிலிருந்து விரட்டப்படுவது சொன்னவர்தான்.

பதிவு

1908இல் பாரதியார் புதுச்சேரிக்கு வந்த பிறகு 'இந்தியா' வாரப் பத்திரிகை இங்கிருந்து வெளிவந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் போகவிடாமல் பிரிட்டிஷ் அரசு தடுத்ததும் வாசகர்களை இழந்து 1910 மார்ச்சில் நின்றது. இங்கே அச்சடித்த தாள் இருபது சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடலூருக்குப் போக முடியாத காலம் அது. இன்று ஒரே பதிவில் இரண்டு ஊரிலும் விற்கலாம்.

1867ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2023ஆம் ஆண்டின் பத்திரிகைப் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பம் முழுக்க 'பிரஸ் சேவா' இணையதளத்தில்தான். மூன்று நாலு தலைப்புகளை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், முதலில் கேட்டது ஏற்கெனவே வேறு யாரிடமாவது இருக்கலாம். வெளியிடும் ஊர் கடலூர் என்றால் கடலூர் மாவட்ட நிர்வாகம், புதுச்சேரி என்றால் அங்குள்ள நிர்வாகம் ஆட்சேபணை உண்டா என்று பார்க்கும். அதற்குச் சட்டம் தரும் கெடு 60 நாள். பதிவில்லாமல் தொடர்ந்து வெளியிட்டால் அபராதம் உண்டு, அதனால் முதல் இதழ் தேதியை இதற்கப்புறம் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர், வெளியிடுபவர், அச்சகம், ஊர் எல்லாம் ஒவ்வொரு இதழிலும் வர வேண்டும்.

நடத்துவதற்கு ஒரு அறக்கட்டளையோ சங்கமோ பதிவு செய்துகொள்வது நல்லது. வங்கிக் கணக்குக்கும் விளம்பர ரசீதுக்கும் தேவைப்படும்.

அச்சகம்

2,000 பிரதிக்கு ஆஃப்செட் அச்சுதான். பிளேட் செலவும் மிஷின் ஏற்றும் செலவும் 500க்கும் 2,000க்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் பிரதி கூடக்கூட அடக்கவிலை இறங்கும். உள்பக்கம் ஒரே கலரில், மேப்லித்தோ என்ற வெள்ளைத் தாளில், அட்டைக்கு மட்டும் நாலு கலர். நியூஸ்பிரின்ட் (செய்தித்தாள் அடிக்கும் காகிதம்) மலிவு, ஆனால் விற்பவர் பையில் நாலு நாள் இருந்தாலே மஞ்சளடித்துச் சுருண்டுவிடும். கல்யாணப் பத்திரிகை சீசனிலும் தேர்தல் நேரத்திலும் நம் வேலையை ஓரமாகத் தள்ளிவிடுவார்கள், தேதியை முன்கூட்டியே பேசிவிடுங்கள். கட்டு வந்ததும் பிரித்து நாலைந்து பிரதியாவது புரட்டிப் பாருங்கள்.

விற்பவருக்கான ஏற்பாடு

படத்தோடு அடையாள அட்டை, அதில் ஒரு எண், உங்கள் அலுவலகத் தொலைபேசி. தூரத்திலிருந்தே தெரிகிற நிறத்தில் ஒரு மேல்சட்டை. லண்டனில் சிவப்பு. வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும்.

விதிகள் குறைவாக, தெளிவாக இருக்கட்டும். குடித்துவிட்டு விற்கக் கூடாது. அட்டை விலைக்கு மேல் கேட்கக் கூடாது. வாசகரே மீதியை வைத்துக்கொள்ளச் சொன்னால் வாங்கிக்கொள்ளலாம். பத்திரிகையைக் காட்டிப் பிச்சை கேட்கக் கூடாது. அடுத்தவர் இடத்தில் நிற்கக் கூடாது. இதை அவர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள், கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். மீறினால் என்ன என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். புதுச்சேரியில் மது சுலபமாகவும் மலிவாகவும் கிடைக்கிறது, முதல் விதி அடிக்கடி உடையும். ஒரு வாரம் நிறுத்தி வைத்து மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாக விரட்டிவிட்டால் அவர் போவதற்கு வேறு இடமில்லை.

விற்பனைக்கு முந்திய வாரம் அந்தந்தக் காவல் நிலையத்தில் பெயர்ப் பட்டியலோடு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதன் நகல் ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இடம்விட்டு இடம் நடந்து விற்பவரையும் தெரு வியாபாரியாகவே கொள்கிறது. நகர விற்பனைக் குழுவில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வந்தால் விற்பவரிடம் அரசு கொடுத்த ஒரு தாள் இருக்கும். வேறு எந்தத் தாளும் இல்லாதவருக்கு அது பெரிய விஷயம்.

எங்கே நிற்பது

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி போகாது. நடப்பவர்கள்தான். காலை நடைக்கு வருபவர்கள் தினமும் அதே ஆட்கள், மாலையில் வெளியூர்க்காரர்கள். காலைக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர் என்று பிரித்து விடலாம். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கூட்டம் அதிகம், ஆனால் துணி பேரம் பேசும் இடத்தில் பத்திரிகை விற்பது கஷ்டம். சந்தை முடிகிற முனையில் நிற்கச் சொல்லுங்கள், அங்கே பையோடு ஆட்டோவுக்குக் காத்திருப்பவர்கள் நிற்பார்கள். மணக்குள விநாயகர் கோயில் வாசலில் ஏற்கெனவே கையேந்தி உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பக்கத்தில் நம் ஆள் நின்றால், வருபவர்கள் பத்திரிகையை வாங்காமல் சில்லறையைப் போட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு தெரு தள்ளி நிற்பதே மேல்.

கடலூரில் திங்கட்கிழமை காலை ஆட்சியர் அலுவலகம். குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு வருபவர்கள் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். படிக்கத் தாள் கிடைத்தால் வாங்குவார்கள். ஞாயிறு மாலை வெள்ளிக் கடற்கரை. மாசிமகத்தன்று தேவனாம்பட்டினமும் புதுச்சேரியில் வைத்திக்குப்பமும், தைப்பூசத்துக்கு வடலூர், நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி. இந்த நாட்களுக்கென்று இரண்டு மூன்று கட்டு தனியாக எடுத்து வையுங்கள்.

ரயில் நிலையத்துக்குள்ளேயும் ரயிலிலும் விற்கவே கூடாது. உரிமம் இல்லாமல் விற்பது ரயில்வே சட்டத்தின் 144ஆவது பிரிவின்படி குற்றம், பிடித்தால் அபராதம் கட்டப்போவது விற்றவர். வாசலுக்கு வெளியே, சாலையில் நிற்கட்டும்.

முதல் மூன்று நாள் நீங்களும் கூட நில்லுங்கள், ஆனால் நாலு அடி தள்ளி. வாங்க வருபவர் உங்களிடம் பேச ஆரம்பித்தால் விற்பவர் பக்கம் கையைக் காட்டுங்கள்.

பணமும் தாள்களும்

"சில்லறை இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போவது இப்போது சுலபம். ஸ்வீடனில் ரொக்கம் புழக்கம் குறைந்தபோது, ஸ்டாக்ஹோம் தெருப் பத்திரிகை விற்பவர்கள் 2013லேயே கார்டு வாங்க ஆரம்பித்தார்கள். நம்மிடம் க்யூஆர் இருக்கிறது. அது விற்பவரின் சொந்தக் கணக்குக்குப் போக வேண்டும். எல்லாம் உங்கள் சங்கத்தின் கணக்குக்கு வந்து, மாலையில் நீங்கள் எண்ணிக் கொடுத்தால் மறுபடி அவர் கைநீட்டி வாங்குபவர் ஆகிவிடுவார்.

அதற்கு ஆதார் வேண்டும், ஜன்தன் கணக்கு வேண்டும், ஒரு போன் வேண்டும். சாதாரண பட்டன் போனிலும் யுபிஐ வேலை செய்யும். இந்த வரிசையில் ஒவ்வொன்றுக்கும் கூடவே போய் நிற்க ஒரு ஆள் தேவை, ஒரு நாள் வேலை அல்ல. வாக்காளர் அட்டைக்கும் வழி இருக்கிறது: படிவம் 6இல் படுக்கும் இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி அலுவலர் இரவில் வந்து அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. கதவு எண் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது.

கையில் தங்கும் பணத்தை இரவில் எங்கே வைப்பது என்பதும் முக்கியம். தூங்கும்போது திருடுபோவது சர்வ சாதாரணம். உங்கள் அலுவலகத்தில் பூட்டோடு சிறு பெட்டி ஒன்று ஒவ்வொருவருக்கும் கொடுங்கள், சாவி அவரிடமே இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை

கடலூரில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். தானே புயல், 2015 வெள்ளம், ஃபெஞ்சல் புயல் என்று எல்லாம் நம் மேல்தான் வந்தன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிரதியைப் பாதியாகக் குறையுங்கள். கண்ணாடி பிளாஸ்டிக் உறை கொடுங்கள். மற்ற மாதங்களில் ரிட்டர்ன் கிடையாது என்ற விதி சரி. ஆனால் மழையில் நனைந்த பிரதியை மட்டும் மாற்றிக் கொடுங்கள், அது அவர் தவறில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது 'பிக் இஷ்யூ' தெரு விற்பனையை நிறுத்தி, சூப்பர் மார்க்கெட்டிலும் சந்தாவிலும் விற்று விற்பனையாளர்களைக் காப்பாற்றியது. நமக்குப் புயல் வாரம் அப்படித்தான். அதற்கென்று சந்தாதாரர் பட்டியல் ஒன்றை முதல் மாதத்திலிருந்தே சேருங்கள். ஒவ்வொரு சந்தாவும் எந்த விற்பனையாளர் பெயரில் வந்தது என்று குறித்து, அவர் பங்கை அவரிடம் கொடுங்கள்.

போகிறவர்கள், திரும்பி வருகிறவர்கள்

சிலர் மூன்று மாதத்தில் வேறு வேலை கிடைத்துப் போவார்கள், ஓட்டலுக்கோ செக்யூரிட்டி வேலைக்கோ. சந்தோஷமாக வழியனுப்புங்கள். சிலர் சொல்லாமல் காணாமல் போவார்கள். வழக்கமாக வாங்குபவர்கள் "அந்தம்மா எங்கப்பா?" என்று உங்களிடம் வந்து கேட்பார்கள். அரசு மருத்துவமனையிலும் தங்குமிடத்திலும் விசாரியுங்கள். அவர் நின்ற இடத்தை ஒரு மாதமாவது காலியாக விடுங்கள். அட்டையின் எண்ணை ஆறு மாதம் வரை வேறு யாருக்கும் போடாதீர்கள். எங்கள் பெரியவர் பொங்கலுக்கு முன்னால் போனவர் பங்குனியில்தான் வந்தார். எங்கே போனார் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்து, "ரெண்டாம் நம்பர் இருக்குதா தம்பி?" என்றார். இருந்தது. பத்துத் தாளுக்குக் காசை எண்ணி வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.